பலகைச் சுவர் வீடு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் சுகம், விடுதிக் கட்டில் மட்டும் என் முதுகோடு தினமும் சண்டை போடுகிறது. உன் சுகத்துக்கும் மாமா சுகத்துக்கும் நாலு வரி எழுது.

போனில் பேசினால் "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். பின்னால் ரேடியோ வேறு அலறுகிறது. கடிதத்தை வீட்டுக்குப் போடாதே, நீ வேலை செய்யும் சலவைக்கடைக்குப் போடு என்றாய். ஏன் என்றால் சிரிக்கிறாய். சரி, உன் இஷ்டம். அழுக்குத் துணி மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து படி.

வேலை பிடித்திருக்கிறது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே எப்போதும் கூட்டம். இந்த ஊரில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் இப்படி அடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று ஒருவன் முஷ்டிக்குள் இன்னொருவனின் உடைந்த பல் இருந்தது. படத்தில் அரிசி போலத் தெரிந்தது.

விடுதியைக் காலி செய்யவேண்டும். வீடு தேடிச் செருப்பு தேய்ந்துவிட்டது. தனியாக ஒரு பெண் என்றாலே, "யார் யார் வந்து போவாங்க?" என்று கேட்கிறார்கள். கடைசியில் இரண்டு இடம் நிற்கிறது.

ஒன்று பஸ் டிப்போவுக்குப் பின்னால். தகரக் கூரை போட்டு ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைதான் சுவர். சுவருக்குக் காது உண்டு என்பார்கள், அங்கே வாயும் உண்டு. பக்கத்து வீட்டில் டிப்போ மெக்கானிக் ஒரு பெண், தெருவே ஸ்பானரக்கா என்கிறது. அவள் புருஷன் கண்டக்டர். நான் வீடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் போட்ட சண்டையில் என் காது அடைத்துவிட்டது. அது போதாதென்று, தேநீர்க் கடை முன்னால் ஒருவன் இன்னொருவன் தலையில் பாட்டிலை உடைத்தான். ரத்தம் என் செருப்புவரை தெறித்தது. தெருவே ஓடிவந்து பிரித்தது. ஸ்பானரக்கா பாட்டில்காரன் கையை முறுக்கி மண்டியிட வைத்தாள்.

இன்னொன்று மரம் சூழ்ந்த பகுதி. ஏழு மாடி, வாசலில் காவலாளி, லிஃப்ட். சன்னலைச் சாத்தினால் ஊசி விழுந்தால் கேட்கும். படித்தவர்கள் குடியிருக்கும் இடம். எதை எடுக்கலாம், சொல்.

உன்
வாலு

ஜனவரி 24

அன்புள்ள வாலுக்கு,

நானும் அவரும் சுகம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விரலில் இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது. கவனக்குறைவுதான்.

டிப்போ வீட்டை எடு.

நீ சிரிப்பாய். அக்காவுக்கு மூளை வெளுத்துவிட்டது என்பாய். இருந்தாலும் சொல்கிறேன். பாட்டிலை உடைத்தான் என்று எழுதினாயே, அடுத்த வரியிலேயே தெருவே ஓடிவந்தது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் சொல்கிறேன். ஏழு மாடிக் கட்டிடத்தில் யார் ஓடிவருவார்கள்? ஊசி விழுந்தால் கேட்கும் என்பது உன் வீட்டு ஊசிக்குத்தான். உன் வீட்டில் ஆளே விழுந்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

இன்னொன்று. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரும்பா, தகரமா என்று பார். குளியலறைக்குத் தனியாகத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பார். இதையெல்லாம் ஏன் கேட்கிறாய் என்று கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் விரல் ஆறியதா? பத்து வருஷமாக இஸ்திரி போடுகிறவள் விரலைச் சுட்டுக்கொண்டாய் என்றால், கண்டக்டர் டிக்கெட் வாங்க மறந்த கதைதான்.

கோபித்துக்கொள்ளாதே. மரம் சூழ்ந்த இடத்தையே எடுத்துவிட்டேன். பகல் முழுக்க உடைந்த தாடையும் கிழிந்த தோளும் பார்த்துவிட்டு வருகிறவளுக்குச் சாயங்காலமாவது அமைதி வேண்டாமா? இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. காவலாளி எனக்கு சல்யூட் அடிக்கிறார். எனக்கே சிரிப்பு வருகிறது.

மேல் வீட்டில் ஒரு பேராசிரியரும் அவர் மனைவியும். தங்கமான மனுஷன். என் கையில் பை இருந்தால் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தம்மா அதிகம் பேசுவதில்லை, வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். இரண்டு பேரும் பாட்டுப் பிரியர்கள். சாயங்காலமானால் பாட்டுச் சத்தத்தில் என் கூரை அதிரும். அமைதியான கட்டிடத்தில் அது ஒன்றுதான் சத்தம், எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது. நம் வீட்டில் அப்பா வந்ததும் ரேடியோ உச்சத்துக்குப் போகுமே, அந்த ஞாபகம் வருகிறது. அப்பா இசை ரசிகர் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டவள் நான்.

உன்
வாலு

பிப்ரவரி 13

வாலு,

சுகம். விரல் ஆறிவிட்டது.

மேல் வீட்டுப் பாட்டைப் பற்றி இன்னும் எழுது. பாட்டு ஆரம்பத்திலிருந்து கேட்கிறதா, நடுவில் திடீரென்று சத்தம் கூடுகிறதா? விளம்பரம் வந்தாலும் அதே சத்தமா? அந்தம்மா மறுநாள் வெளியே வருகிறாளா?

ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே போ. சர்க்கரை கேள். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது போ. கதவைத் திறக்கும்வரை மணியை விடாதே. அவளைக் கண்ணால் பார்க்காமல் திரும்பாதே.

அப்பாவுக்குப் பாட்டே பிடிக்காது, வாலு.

அக்கா

மார்ச் 20

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

கிண்ணத்தோடு போனேன். நீ சொன்னபடி மணியை விடாமல் அடித்தேன். பேராசிரியரே திறந்தார். சட்டை கசங்கவில்லை. "சர்க்கரைதானே, இதுக்கென்ன கூச்சம்"னு சிரித்தார். கிண்ணம் நிறையக் கொடுத்தார். "அவங்க எங்க?"ன்னு கேட்டேன். "குளிக்கிறா"ன்னார். பாட்டுச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேசினோம். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அந்தச் சர்க்கரையில் தேநீர் போட்டுக் குடித்தேன், அக்கா.

போன வாரம் அவளை என் மேசையில் கிடத்தினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை; முழுக்கைச் சட்டையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைக் கத்தரித்து எடுத்தோம். தோளிலிருந்து முழங்கைவரை பழைய காயம், புதிய காயம், பல்லால் கடித்த தடம். தாடை இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. விலா எலும்பு ஒன்று நுரையீரலில் குத்தியிருந்தது. மாடிப்படியில் வழுக்கிவிட்டாள் என்று அவர் வெளியே அழுதுகொண்டிருந்தார். படத்தை வெளிச்சத்தில் மாட்டினேன். உடைந்து சேர்ந்து, சேர்ந்து உடைந்த எலும்புகள். "மாடிப்படி இத்தனை தடவையா தள்ளிவிடும்?"னு டாக்டர் கேட்டார். மறுநாள் மதியம் அவள் செத்துப்போனாள். அவரைப் போலீஸ் கொண்டுபோனது. ஏழு மாடியிலும் ஒருவர்கூட எதையும் கேட்கவில்லையாம். நல்ல பாட்டாக வைப்பார் என்று காவலாளி சாட்சி சொன்னார்.

இருட்டறையில் நின்று யோசித்தேன். ரேடியோவை அப்பா திருகி நான் பார்த்ததே இல்லை. அம்மாதான் ஓடிப்போய்த் திருகுவாள். நம்மைக் கொல்லைப்பக்கம் துரத்திவிட்டுத் திருகுவாள்.

உன் வீட்டு ரேடியோ அம்மா உனக்குக் கொடுத்தனுப்பியதுதானே? உன் விரலைச் சுட்டது யார்? ஆறாம் மாதத்தில் குளியலறையில் வழுக்கிக் குழந்தை போனதே, அங்கே வழுக்கியது தரையா? மாமா உன்னை அடிக்கிறாரா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை எழுது. நான் உடனே வருகிறேன்.

வாலு

ஏப்ரல் 11

அக்கா,

பதில் இல்லை. போன் செய்தால் மாமா எடுக்கிறார், நீ தூங்குகிறாய் என்கிறார். எந்த நேரத்தில் செய்தாலும் தூங்குகிறாயா? பின்னால் ரேடியோ பாடுகிறது.

ஏழு மாடியைக் காலி செய்துவிட்டேன். டிப்போ வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் எடுக்காமல் எனக்காகவே காத்துக்கொண்டிருந்தது. நான் இருமினால் பலகையைத் தட்டி, "மாத்திரை வேணுமா?"ன்னு கேட்கிறாள் ஸ்பானரக்கா. கண்டக்டர் தூக்கத்தில்கூட "இறங்கு, இறங்கு" என்கிறார். உள்தாழ்ப்பாள் இரும்பு. குளியலறைக்கும் உண்டு.

இரண்டாவதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று நான் எழுதவேண்டியதில்லை.

வாலு

மே 3

அன்புள்ள வாலுக்கு,

சுகம் என்று எழுதிப் பழகிய கை. அந்த வலது கை இப்போது துணிக்கட்டுக்குள் இருக்கிறது. இது இடது கை. கடையில் உட்கார்ந்து நாளுக்கு நாலு வரியாக எழுதுகிறேன்.

ஆமாம்.

உன் மார்ச் மாதக் கடிதத்தைக் கடையிலேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் செய்தேன். அதை மட்டும் முடியவில்லை. என்னை இத்தனை நாளில் ஒருத்தி கேட்டாளே என்று இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் எடுத்துப் படித்தார். சத்தமாக, ராகம் போட்டுப் படித்தார். பிறகு ரேடியோவைத் திருகச் சொன்னார். நானேதான் திருகினேன். "உன் தங்கச்சி எலும்பு படிக்கிறவளாச்சே, இதையும் படிக்கட்டும்"னு என் கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு தடவை இல்லை.

நான் கத்தவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டேன். இது அம்மா பழக்கியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ரேடியோவை என் கையில் கொடுத்து, "அடிக்கிற கைதான் அணைக்கும், ஆனா ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது, இதை வெச்சுக்கோ"ன்னாள். இத்தனை வருஷத்தில் அணைத்த கையை நான் பார்க்கவில்லை. குழந்தை போன அன்று ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கடையில் அந்தப் பாட்டைக் கேட்டாலும் இப்போதும் எனக்கு வயிறு இழுத்துப் பிடிக்கும்.

நீ இங்கே வராதே. வந்தால் உன் முகத்தில் அமிலம் ஊற்றுவதாகச் சொல்கிறார், ஒரு போத்தலைக் காட்டியும் வைத்திருக்கிறார். நான் வருகிறேன். உங்கள் ஊர் விடுதிகளுக்கு எங்கள் கடை வேன் வாரா வாரம் படுக்கை விரிப்பு கொண்டுபோகும். அவர் கடை வாசலில் நின்று நான் உள்ளே போவதைப் பார்க்கிறார், வெளியே வருவதையும் பார்க்கிறார். மூட்டைகளை மட்டும் பார்ப்பதில்லை. முதலாளியம்மா ஓட்டுநரிடம் பேசிவிட்டாள். உன் ஏப்ரல் கடிதத்தையும் அவளே கல்லாவில் பூட்டி வைத்திருந்தாள். நல்லவேளை, புது விலாசம் அவருக்குத் தெரியாது.

வரட்டுமா?

அக்கா

மே 8

அக்கா,

இதென்ன கேள்வி? வா.

நான் வேலையில் இருந்தால் சாவி ஸ்பானரக்காவிடம் இருக்கும். என்ன ஏது என்று கேட்கமாட்டாள். நீ சொல்லாமலே எல்லாம் தெரிந்துகொள்வாள். கையை யாரிடமும் காட்டாதே, முதல் படம் நான் எடுக்கிறேன். துணி எதுவும் எடுக்காதே. ரேடியோவை அங்கேயே விட்டுவிடு.

வாலு

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

மருத்துவமனையின் எக்ஸ்ரே பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நலம், உப்பில்லாத சாப்பாடுதான் குறை. "நீ போ, என்னை என்ன பூனையா தூக்கிட்டுப் போயிடும்?"னு என்னைத் துரத்தினாய். இருந்தாலும் மனசு டிப்போ வீட்டில் உன்னிடமே இருக்கிறது.

விரல்களை வெந்நீரில் மடக்கி நீட்டுகிறாயா? சுண்டுவிரல் இனி மடங்காது, அதை வற்புறுத்தாதே. ஏழு மாடிக் காவலாளியை வழியில் பார்த்தேன். மே மாதம் ஒருவர் வந்து, மனைவியைக் கூட்டிப்போக வந்ததாகச் சொன்னாராம். இவரே சல்யூட் அடித்து மேலே கூட்டிக்கொண்டு போய்க் காலி வீட்டைக் காட்டினாராம். "குடும்ப விஷயம், நாம தடுக்கலாமா?"ங்கிறார். கதவைத் தாழ் போட்டே வை.

கத்திப் பழகுகிறாயா? போன மாதம் நாற்காலியில் உட்கார வைத்து, "எங்க, ஒரு தடவை கத்து" என்றேன். வாயைத் திறந்தாய், இருமல்தான் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்பானரக்கா, "இதெல்லாம் ஒரு கத்தலா? பஸ்ஸுக்குக்கூடக் கேக்காது"ன்னு கத்திக் காட்டினாள். நாம் சிரித்தோம். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அக்கா.

சமைக்கும்போது துணைக்கு இருக்கட்டும் என்று நான் வாங்கிய சின்ன ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாய். இருக்கட்டும். வந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்.

உன்
வாலு

ஜூலை 23

அன்புள்ள வாலுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதச் சொன்னாள் ஸ்பானரக்கா. ஒரு பல் இல்லை, இடது பக்கம் இரண்டு விலா போய்விட்டது. உன் அறையில்தான் படம் எடுத்தார்கள். நீ அலறியடித்துக்கொண்டு ஓடிவராதே, முழுக்கப் படி.

அவர் எங்கள் கடை வேன் ஓட்டுநரின் வாயை உடைத்து விலாசம் வாங்கியிருக்கிறார். பட்டப்பகல். காற்றுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். வந்தார், சிரித்தார், நீ மெச்சிய அந்த இரும்புத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். துணியை விலக்கி உன் ரேடியோவைத் திருகினார், உச்சத்துக்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கை தானாகப் போய்த் துண்டை எடுத்தது. வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். இந்த வீட்டில், இந்தத் தெருவில், நான்! முதல் அடி வாயில். பல்லோடு துண்டும் சிவந்தது. கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தார். அந்த நேரத்தில் ரேடியோவில் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம். "வலியா? கவலையை விடுங்கள்!" என்று ஒருத்தி குஷியாகப் பாடுகிறாள். எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ. அவர்மேல்கூட அவ்வளவு வரவில்லை, அந்த ரேடியோமேல் வந்தது. தவழ்ந்துபோய் ஒயரைப் பிடித்து இழுத்தேன். கீழே விழுந்து சிதறியது.

வீடு அமைதியானது. அவருக்கு அந்த அமைதி புதிது. ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் துண்டைத் துப்பினேன்.

கத்தினேன், வாலு. "அடிக்கிறான்! என்னை அடிக்கிறான்!" இத்தனை வருஷ மரியாதையும் ரத்தத்தோடு வாயிலிருந்து போனது.

அவன் பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தான். வெளியே கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள், தாழ்ப்பாள் அசையவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது பலகைச் சுவர் பிளந்தது. முதலில் ஒரு பெரிய ஸ்பானர் வந்தது, பின்னால் அவள் வந்தாள், அவளுக்குப் பின்னால் கண்டக்டர், "நிறுத்து! நிறுத்து!" என்று. என் கழுத்திலிருந்த கையைத்தான் அவள் முதலில் அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதுவரை அதை வெளியேயிருந்து கேட்டதில்லை. அவன் அலறினான். வாயில் வைத்துக்கொள்ள அவனிடம் துண்டு இல்லை. கண்டக்டர் தாழை எடுத்ததும் தெரு உள்ளே வந்தது. வாசல்வரை அவனைத் தரையில் இழுத்துக்கொண்டு போய் என்னென்னவோ செய்தார்கள். நான் "போதும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எனக்கு வருத்தமும் இல்லை.

மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். ஊரெல்லாம் பார்க்க அடி வாங்கியவன், மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றானாம். ஸ்பானரக்கா பக்கத்திலேயே நின்று, "எங்க தெருவுல மாடியே கிடையாதே, சார்"னாளாம். அவன் சட்டைப்பையில் அந்தப் போத்தலும் இருந்தது. இப்போது காவலில் இருக்கிறான். நான் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன், நீ எடுத்த என் பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்கவேண்டும்.

சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வீட்டுக்காரர் அடைக்க ஆள் அனுப்புவதாகச் சொல்கிறார். நீ வந்து பார்த்த பிறகு அடைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அதன் வழியாகத்தான் ஸ்பானரக்கா எனக்குக் கஞ்சி நீட்டுகிறாள்.

வரும்போது ஒரு ரேடியோ வாங்கி வா. சின்னதாக இருந்தால் போதும். நான் ஒரு பாட்டைக்கூடக் காதுகொடுத்துக் கேட்டதில்லை, வாலு.

உன்
அக்கா